கணவன் மனைவியாக கமீனோ: கடைசி வரை சேர்ந்தே நடக்க முடியுமா?

உம்கேனி_கரை

எல்லோருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை, எல்லோரும் கமீனோ என்று சொல்கிறார்களே அதை, நடக்க முடிவு செய்திருக்கிறோம். பிரான்ஸ் பக்கம் சான் ஜான் பியே தெ போர் என்ற ஊரில் தொடங்கி பைரனீஸ் மலையைத் தாண்டி சாந்தியாகோ வரைக்கும் ஏறக்குறைய 780 கிலோமீட்டர், முழுதாக. அவர் ஓய்வு பெறப் போகிறார், பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில் அவரவர் வேலையில் இருக்கிறார்கள், எனக்கும் லீவு கிடைக்கும். வழி, செலவு எல்லாம் ஓரளவு படித்துவிட்டேன். நான் கேட்க வந்தது வேறு.

அவர் சின்ன வயதில் காம்ரேட்ஸ், அதுதான் டர்பனுக்கும் மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடும் நெடுந்தூர ஓட்டப் பந்தயம், ஓடியவர். இன்றைக்கும் நடை என்றால் விறுவிறுவென்று போய்க்கொண்டே இருப்பார். சனிக்கிழமைகளில் கிரான்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கில் பயிற்சி செய்கிறோம். ஏற்றத்தில் எனக்கு இரண்டு வளைவு முன்னால் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்ததும் "சரி, போகலாமா" என்று கிளம்பிவிடுவார். அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை. இதை அவரிடம் சொன்னால் புரிகிறது, ஆனால் அடுத்த ஏற்றத்திலும் அதேதான் நடக்கிறது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பிள்ளைகள், வேலை, மாமியார் உடம்பு என்று ஏதாவது ஒன்று இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததே கிடையாது. அதனால் ஒவ்வொரு அடியும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜோடியாக நடந்து வந்தவர்கள் உண்மையாக எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

லெனேசியா_வீடு

தங்கச்சி, நானும் என் கணவரும் சான் ஜானிலிருந்து சாந்தியாகோ வரை நடந்தவர்கள். உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனாலும் நேராகவே சொல்கிறேன்: 780 கிலோமீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கத் திட்டம் போடாதீர்கள். சேர்ந்து போங்கள், சேர்ந்து தங்குங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், நடையை மட்டும் அவரவர் கால்களிடம் விட்டுவிடுங்கள்.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்கிறோம், பாதிக்கு மேல் உடம்பு சம்பந்தப்பட்டது. மெதுவாக நடப்பவர் வேகமானவரோடு ஓட்டமும் நடையுமாகப் போனால் நாலைந்து நாளில் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும், அந்த வலி வந்தால் லேசில் போகாது. வேகமானவர் தன் இயல்பான எட்டைக் குறுக்கிக் குறுக்கி நடந்தால் அவருக்கு இடுப்பும் கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும். பாம்ப்லோனாவைத் தாண்டி ஆல்தோ தெல் பெர்தோன் என்று ஒரு மேடு இருக்கிறது, மேலே இரும்புத் தகட்டில் வெட்டிய யாத்ரீகர் உருவங்கள் வரிசையாக நிற்கும், படங்களில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அங்கே படம் எடுத்துவிட்டு அடுத்த பக்கம் இறங்குவார்கள். அந்த இறக்கம் முழுக்க முட்டை முட்டையாக உருளும் கல். அங்கே ஒரு ஜோடியைப் பார்த்தேன். அவர் ஊன்றுகோலை அழுத்தி அழுத்தி வேகமாக இறங்குகிறார், அந்த அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு இறங்குகிறார், தன் காலடியைப் பார்க்கவே இல்லை. கீழே ஊதெர்கா ஊருக்கு வருவதற்குள் கணுக்கால் பிசகிவிட்டது. கூடவே போக வேண்டும் என்ற அவசரத்தில் வந்தது அது.

நாங்கள் கடைப்பிடித்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்குத் தோதான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சேர்ந்து கிளம்புவோம், ஏனென்றால் விடியாத இருட்டில் வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியைத் தேட நாலு கண் நல்லது. முதல் காப்பிக்கடை வரை சேர்ந்து போவோம். அப்புறம் அவரவர் வேகம். அன்றைக்கு எந்த ஊரில் எந்த ஆல்பெர்கே, அதாவது யாத்ரீகர் தங்குமிடம், என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும், பேரை நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுவேன், போனை நம்பி இருக்க மாட்டேன். பாஸ்போர்ட், முத்திரை வாங்கும் யாத்ரீகர் அட்டை, ரொக்கம், வங்கி அட்டை, காப்பீட்டுக் காகிதம் எல்லாம் அவரவரிடம். எல்லாவற்றையும் ஒருவர் பையில் வைத்து மற்றவர் கை வீசிக்கொண்டு போகிற நம் வீட்டு வழக்கம் அங்கே உதவாது.

இன்னும் ஒன்று, இதை எல்லா ஜோடிகளுக்கும் சொல்வேன்: பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர் கட்டாயம் நின்று காத்திருக்க வேண்டும். சஹாகூனுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று பெர்சியானோஸ் வழி, மற்றொன்று பழைய ரோமானியச் சாலை. த்ரியாகாஸ்தேலாவில் ஒரு வழி சான் ஷில் பக்கம், இன்னொன்று சமோஸ் மடாலயம் பக்கம். வில்யாஃப்ராங்காவிலும் பள்ளத்தாக்குச் சாலை ஒன்று, மலைமேல் ஏறும் வழி ஒன்று. இரண்டிலும் அம்பு இருக்கும், இரண்டும் சரியான வழிதான், அதனால்தான் ஆபத்து. ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் போய் சாயங்காலம் வரை தவித்த கதைகளை அங்கே நிறையக் கேட்டேன்.

பீனிக்ஸ்காரன்

அக்கா சொல்வதில் அனுபவம் இருக்கிறது, ஆனால் எனக்கு இது ஒப்பவில்லை. தனித்தனியாக நடப்பதென்றால் எதற்கு ஜோடியாகப் போக வேண்டும்? நானும் மனைவியும் சார்ரியா என்ற ஊரிலிருந்து சாந்தியாகோ வரை, பாதையின் கடைசி 115 கிலோமீட்டரையும் ஒன்றாகவே நடந்தோம். எங்களுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது, இருவர் பேரிலும் இருந்தது, அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள முடியாது.

உம்கேனி அக்கா, ஒரு உபாயம் சொல்கிறேன். மெதுவாக நடப்பவரை எப்போதும் முன்னால் விடுங்கள். நம் தைப்பூசக் காவடியில் பாருங்கள், மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கு ஊர்வலம் போகும்போது பால்குடம் எடுக்கும் பாட்டியம்மா எந்த நடையோ அந்த நடைதான் பின்னால் வருகிற வாலிபனுக்கும். யாருக்கும் அது குறைவாகத் தோன்றாது. வீட்டுக்காரர் பின்னால் வரட்டும், நீங்கள் நின்றால் அவரும் நிற்பார், நீங்கள் கிளம்பினால்தான் அவரும் கிளம்ப முடியும், நீங்கள் சொன்ன அந்த ஓய்வுப் பிரச்சினையே வராது.

லெனேசியா_வீடு

தம்பி, சார்ரியாவிலிருந்து என்றால் நீங்கள் செய்தது முற்றிலும் சரி, நானும் அதையே சொல்லியிருப்பேன். ஐந்து ஆறு நாள் யாரும் யாருக்காகவும் நடையை மாற்றிக்கொள்ளலாம். இவர்கள் போவது ஒரு மாதத்துக்கும் மேல். அந்த நீளத்துக்கு உடம்பு விட்டுக்கொடுக்காது. மெதுவானவர் முன்னால் என்ற யோசனை மட்டும் நல்ல யோசனை, மலை இறக்கத்திலும் மழை நாளிலும் அப்படியே செய்யுங்கள் தங்கச்சி.

டேபிள்மலை_தம்பி

நானும் என் மனைவியும் போய் வந்தவர்கள்தான். முதல் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஜோடிகள் அதிகம் முறைத்துக்கொள்வது அன்றைக்குத்தான். சான் ஜான் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லை, கணவாய் 1,400 மீட்டருக்கு மேல், அப்புறம் ரோன்செஸ்வாய்யெஸ் வரைக்கும் காட்டுக்குள் செங்குத்தாக இறக்கம், மொத்தம் 25 கிலோமீட்டர். சார் காம்ரேட்ஸ் ஓடியவர் என்பதால் அவருக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன்: டர்பனிலிருந்து மேலே ஓடும்போது ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா எல்லாம் தாண்டி 60 கிலோமீட்டருக்கு மேல் போனபிறகுதான் உம்லாஸ் ரோடு பக்கம் 800 மீட்டரைத் தொடுவார்கள். இங்கே காலைச் சாப்பாட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குள் அதைவிட அதிகம் ஏறவேண்டும், முதுகில் பையோடு.

அதனால் முதல் நாளை இரண்டாக உடையுங்கள். 8 கிலோமீட்டர் ஏறினால் ஓரிசோன் என்ற இடத்தில் தங்குமிடம் இருக்கிறது, கட்டில் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அன்றைக்கு அங்கே தங்கிவிட்டு மறுநாள் மீதியைக் கடந்தால் அக்காவுக்கும் மூச்சு இருக்கும், அவருக்கும் பொறுமை இருக்கும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த மலைவழியை மூடிவிடுவார்கள், அப்போது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழிதான்.

பை விஷயம். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதீர்கள். ஜோடியாகப் போவதில் இங்கே ஒரு லாபம் உண்டு: மருந்துப்பை ஒன்று போதும், சார்ஜர் ஒன்று, துணி சோப்பு ஒன்று, துணி உலர்த்தும் கயிறு ஒன்று. தண்ணீர், மழைக்கோட்டு, தின்பதற்கு ஏதாவது, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் இவற்றை மட்டும் பங்கு போடக்கூடாது, முன்னால் போனவர் பையில் மழைக்கோட்டு இருந்து பின்னால் வருபவர் நனைந்தால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. முதுகு ஒத்துவராத நாளில் பையை அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பலாம், ஒரு பைக்குச் சில யூரோதான், நம் பணத்தில் ஒரு யூரோ 20 ராண்ட் பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

விசா: சான் ஜான் பிரான்சில் இருந்தாலும் அதிக நாள் இருக்கப்போவது ஸ்பெயினில், ஆகவே ஸ்பெயின் வழியாகத்தான் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, கேட்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்குங்கள். எங்களுக்குத் தனித்தனி நாள் கிடைத்து, ஒரே காகிதத்தை ஒருவரிடம் ஏற்றுக்கொண்டு மற்றவரிடம் மறுபடி கேட்டார்கள்.

உம்கேனி_கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஓரிசோன் யோசனை அவருக்கே பிடித்துவிட்டது. லெனேசியா அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் மனசு கஷ்டமாக இருந்தது, அப்புறம் அந்தக் கணுக்கால் கதையை இரண்டு தடவை படித்தேன்.

இன்னும் சில கேள்விகள். நாங்கள் சைவக் குடும்பம், கறி மீன் கிடையாது, முட்டை அவர் சாப்பிடுவார், நான் வெளியூரில் மட்டும். சாப்பாடு எப்படி? தேவாலயத்துக்குப் போகும் பாதையில் நாம் நடப்பதை யாராவது வித்தியாசமாகப் பார்ப்பார்களா? தங்குமிடங்களில் கணவன் மனைவிக்குத் தனி இடம் உண்டா? அவர் குறட்டை விடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டோரியா_வாத்தியார்

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் என் மனைவியும் சைவம்.

முட்டை உண்டென்றால் பட்டினி இல்லை. எந்தக் காப்பிக்கடையிலும் தோர்த்தியா கிடைக்கும், உருளைக்கிழங்கு போட்ட கனமான ஆம்லெட், ரொட்டியோடு ஒரு துண்டு தின்றால் பத்து கிலோமீட்டர் தாங்கும். சாலட் கேட்கும்போது ஜாக்கிரதை, கலவை சாலட் என்றால் மேலே சூரை மீனை உதிர்த்துப் போட்டுக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது கறி இல்லை. பயறு சூப், பீன்ஸ் சூப், சாந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தில் கீரை போட்ட கால்தோ சூப் இவை எல்லாம் பார்க்க நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும், பெரும்பாலும் உள்ளே பன்றி எலும்போ கொழுப்போ இருக்கும். "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் ஹாமும் மீனும் வந்துவிடும்.

நிறைய ஆல்பெர்கேக்களில் சமையலறை உண்டு. ஊர்க் கடையில் அரிசி, பயறு, வெங்காயம், தக்காளி எல்லாம் கிடைக்கும். நாங்கள் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தில் சாம்பார்ப் பொடியும் கொஞ்சம் பெருங்காயமும் கொண்டுபோனோம். ஒரு ஊரில் மனைவி பயறும் சாதமும் வைத்துத் தாளித்ததும் மேல்மாடியில் படுத்திருந்த கொரியப் பிள்ளைகள் வாசனை பிடித்து இறங்கி வந்துவிட்டார்கள், அவர்கள் நூடுல்ஸ் கொண்டுவர, ஒரு இத்தாலியர் தக்காளி நறுக்க, கடைசியில் எட்டுப் பேர் அந்த மேசையில் சாப்பிட்டோம். மனைவி இன்றும் அந்த ராத்திரியைப் பற்றித்தான் பேசுவாள், தேவாலயங்களைப் பற்றி அல்ல. கலீசியா அரசு நடத்தும் ஆல்பெர்கேக்களில் அடுப்பு இருந்தாலும் பாத்திரம் பல இடங்களில் இருக்காது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மதம் பற்றி: யாரும் உங்களிடம் ஞானஸ்நானச் சான்று கேட்கப்போவதில்லை. சாந்தியாகோவில் யாத்ரீகர் அலுவலகத்தில் எதற்காக நடந்தீர்கள் என்று கேட்பார்கள், பக்தி அல்லது ஆன்மிகம் என்றால் லத்தீனில் எழுதிய கொம்போஸ்தெலா என்ற சான்று, வேறு காரணம் என்றால் வேறொரு சான்றிதழ். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து சாந்தியாகோ வந்து சேர்ந்திருக்க வேண்டும், அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வேண்டும். 2024இல் ஏறக்குறைய 5 லட்சம் பேருக்குச் சான்று கொடுத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள் என்றா நினைக்கிறீர்கள். கோயிலுக்கு நடப்பது நமக்குப் புதிதும் இல்லை. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்த குடும்பங்கள் நாம்.

தங்குமிடம்: பொது ஆல்பெர்கேயில் ஆண் பெண் எல்லோரும் ஒரே அறை, இரட்டை அடுக்குக் கட்டில், இரவு 10 மணிக்கு விளக்கு அணைத்துவிடுவார்கள், காலை 8 மணிக்குள் வெளியே. தனியார் ஆல்பெர்கே பலவற்றில் இருவருக்கான அறையும் உண்டு, விலை அதிகம். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை தனி அறை எடுங்கள். துணி காயப்போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் மொழியில் சத்தமாகப் பேசிக்கொள்ள ஒரு இடம் வேண்டும். குறட்டைக்கு உங்களுக்குக் காதடைப்பான் வாங்குங்கள், மற்றவர்கள் ஏற்கெனவே கொண்டுவந்திருப்பார்கள்.

மரிட்ஸ்பர்க்_செவிலி

அக்கா, நான் நர்ஸ், என் கணவருக்குச் சர்க்கரை, அவரோடுதான் நடந்தேன். இந்தக் கோணத்தில் சிலது சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறும் வயது என்கிறீர்கள். போவதற்கு முன் இருவரும் இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டக்காரர் என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு முன் கிடைப்பது அபூர்வம், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதற்கேற்றபடி கையில் தீனி வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு எண் 112. ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், தினமும் பல மணி நேரம் நடந்தால் பாதம் வீங்கும். தினமும் சாயங்காலம் ஒருவர் பாதத்தை மற்றவர் பாருங்கள். தன் குதிகாலை யாரும் சரியாகப் பார்க்க முடியாது, துணையோடு போவதில் இதைவிடப் பெரிய வசதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. "வலிக்கிறதா" என்று கேட்டால் நம் ஆண்கள் "ஒன்றும் இல்லை" என்பார்கள். கேட்காதீர்கள், சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். தோல் சூடாகிச் சிவந்திருக்கும்போதே பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளம் வராது.

சண்டை பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன், ஏனென்றால் அது வரும், வந்ததும் "நமக்குள் ஏதோ சரியில்லை" என்று நினைத்துவிடக்கூடாது. பூர்கோஸ் தாண்டினால் மெசேத்தா என்ற சமவெளி, கோதுமை வயலும் வானமும்தான். அதில் கர்ரியோன் தெ லோஸ் கோன்தேஸ் ஊரிலிருந்து அடுத்த ஊர் கல்சதில்யா தெ லா குவேஸா 17 கிலோமீட்டர், நடுவில் ஊரே கிடையாது, நிழலும் இல்லை, பாதை வளைவதும் இல்லை. எங்கள் பெரிய சண்டை அங்கேதான் நடந்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் பாட்டிலை எந்தப் பக்கப் பையில் வைப்பது என்பதற்கு. பாட்டிலிலிருந்து ஆரம்பித்து அவருடைய தங்கை கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் போய்விட்டது. வெயில், பசி, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான். அதற்கப்புறம் இருவரும் ஒன்று பேசிவைத்தோம், குரல் உயர்ந்தால் உடனே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட வேண்டும், சாப்பிட்டு முடிக்கும் வரை அந்த விஷயம் பேசக்கூடாது. கடைசி வரைக்கும் அது வேலை செய்தது.

ஒருவருக்கு அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். அங்கே போய் வலியோடு பேச முடியாது. பொது ஆல்பெர்கேயில் பொதுவாக ஒரு ராத்திரிதான் தங்கலாம், ஓய்வெடுக்க வேண்டுமென்றால் சின்ன ஹோட்டலுக்கு மாற வேண்டும். ஒருவர் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய் மற்றவர் நடந்து வரலாமா, இல்லை இருவரும் நிற்பதா? நடுவில் பஸ் ஏறினாலும் கடைசி 100 கிலோமீட்டரை முழுக்க நடந்தால் சான்றுக்குக் குறை வராது. வில்யாஃப்ராங்கா தெல் பியெர்ஸோவில் சாந்தியாகோ கோயில் ஒன்று இருக்கிறது, அதில் மன்னிப்பின் வாசல் என்று ஒரு கதவு. அந்தக் காலத்தில் நோயால் மேலே போக முடியாத யாத்ரீகர்கள் அந்த வாசல் வரை வந்தால் சாந்தியாகோவுக்கே போய்ச் சேர்ந்த பலன் என்று வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கும்போது, வீங்கிய காலோடு நடந்தே தீருவேன் என்று நிற்பவர்களைப் பார்த்தால் ஒரு நர்ஸாக எனக்குக் கோபம்தான் வரும்.

சாட்ஸ்வொர்த்_மல்லிகை

நான் என் நாத்தனாரோடு போனேன். இதுவும் ஜோடிதானே, அதனால் எழுதுகிறேன். என் கணவர் தவறிப்போன பிறகு, அவருடைய அக்காவும் நானும். இரண்டு பேருக்கும் ஒரே ஆளின் துக்கம், ஆனால் ஒரே மாதிரி துக்கம் இல்லை. அவருக்குப் பேசவேண்டும், சின்ன வயதில் தம்பி அப்படிச் செய்தான் இப்படிச் செய்தான் என்று. எனக்குக் காலையில் யாரும் பேசினால் தாங்காது.

மூன்றாவது நாள் நானே சொல்லிவிட்டேன், அண்ணி, முதல் காப்பி வரைக்கும் எனக்குப் பேச்சு வேண்டாம், அப்புறம் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், நான் கேட்கிறேன். அவர் கொஞ்சம்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் அப்படியே நடந்தோம். என் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களை அந்த நடையில்தான் தெரிந்துகொண்டேன். நடையின் வேகம் மட்டும் பேசினால் போதாது அக்கா, எப்போது பேச்சு, எப்போது மௌனம் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். வேகம் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

க்ரூஸ் தெ ஃபெர்ரோ என்று 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு இடம், நீளமான கம்பத்தின் உச்சியில் இரும்புச் சிலுவை, அடியில் மலை மாதிரி கல் குவிந்திருக்கும், ஆளுக்கொரு கல்லை ஊரிலிருந்து கொண்டுவந்து போடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் என் கணவர் நட்ட கறிவேப்பிலை மரத்தடியிலிருந்து ஆளுக்கொரு கல் கொண்டுபோயிருந்தோம். அண்ணி முதலில் போட்டார். நான் போட ரொம்ப நேரம் ஆயிற்று, அவர் வா என்று கூப்பிடாமல் கீழே உட்கார்ந்து காத்திருந்தார். நீங்களும் வீட்டிலிருந்து ஒரு கல் எடுத்துப்போங்கள், சின்னதாக.

பீனிக்ஸ்காரன்

மல்லிகை அக்கா, படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன்.

நான் முன்னால் எழுதியதை விடவில்லை, வேண்டுதல் என்றால் சேர்ந்து நடப்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரு மாதக் கணக்கு வேறு என்று லெனேசியா அக்கா சொன்னது நியாயம். உம்கேனி அக்கா, எந்த வருஷம் போகிறீர்கள்? சாந்தியாகோவின் திருநாள் ஜூலை 25, அது ஞாயிற்றுக்கிழமையில் வரும் வருஷம் புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த வருஷம் கூட்டம் மிக அதிகமாக இருக்கும், சார்ரியாவுக்கு அப்புறம் கட்டில் கிடைக்க முன்பதிவு இல்லாமல் முடியாது. சிலர் அதற்காகவே போவார்கள், கதீட்ரலில் புனித வாசல் அந்த வருஷம்தான் திறக்கும்.

உம்கேனி_கரை

வணக்கம். இது அவள் கணக்கு, எழுதுவது நான், வீட்டுக்காரர். இரண்டு நாளாக இந்த இழையை முழுக்கப் படித்தேன், என்னைப் பற்றித்தான் பேச்சு என்பதால் நானும் எழுதலாம் என்று அவளே சொன்னாள்.

நான் வேகமாகப் போவது அவளை விட்டுப் போவதற்காக அல்ல. ஏற்றத்தில் மெதுவாக நடந்தால் எனக்குக் கால் கனத்துவிடுகிறது, ஒரே சீராகப் போனால்தான் மூச்சு ஒழுங்காக வரும். அதை அவளிடம் இப்படி எடுத்துச் சொன்னதில்லை. அவள் "எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை" என்று எழுதியதை இங்கே படித்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. போன சனிக்கிழமை கிரான்ட்ஸ்க்ளூஃபில் ஒன்று செய்து பார்த்தோம். மேலே போய் நின்றவன் அவள் வந்ததும் கிளம்பவில்லை, அவள் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, அவளாக "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். அன்றைக்கு இறங்கும்போது அவள்தான் முன்னால்.

இப்போதைக்கு நாங்கள் பேசி வைத்திருப்பது இது. ஓரிசோன், ரோன்செஸ்வாய்யெஸ் வழியாக பாம்ப்லோனா வரைக்கும் சேர்ந்தே நடப்போம், அந்தக் கொஞ்ச தூரம் அவள் நடைதான் என் நடை. அதற்கப்புறம் முதல் காப்பிக்கடை வரை சேர்ந்து, பிறகு அவரவர் வேகம், பிரியும் இடங்களில் நான் காத்திருப்பேன். மெசேத்தாவின் அந்த 17 கிலோமீட்டர் மட்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்கிறாள், செவிலி அம்மா எழுதியதைப் படித்த பிறகும். சரி என்றேன். சார்ரியாவிலிருந்து கடைசி 115 கிலோமீட்டர் பீனிக்ஸ் தம்பி சொன்ன மாதிரி ஒன்றாக. வருஷம் 2027 வேண்டாம், அதற்கு அடுத்த வருஷம் செப்டம்பரில், வெயில் தணிந்த பிறகு. அவள் அம்மாவுக்குத் தினமும் போன் பேச வேண்டும், ஐரோப்பாவில் கோடைக்கால நேரம் இருக்கும்வரை ஸ்பெயினுக்கும் நமக்கும் ஒரே மணி என்பதால் அதுவும் வசதி.

எனக்கு ஒரு கேள்வி. ஊன்றுகோலை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவார்களா? பயிற்சிக்கு இங்கே வாரம் ஒரு நாள் நடந்தால் போதுமா?

டேபிள்மலை_தம்பி

சார், கோலைப் பெரும்பாலும் கேபினுக்குள் விடமாட்டார்கள், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள் அல்லது சான் ஜானிலேயே வாங்குங்கள், அங்கே யாத்ரீகர் சாமான் கடை இருக்கிறது. ஷூவை மட்டும் அங்கே புதிதாக வாங்காதீர்கள், இங்கேயே வாங்கி நன்றாகப் பழக்கிக்கொண்டு, விமானத்தில் காலில் போட்டுக்கொண்டே போங்கள், பெட்டி தொலைந்தாலும் ஷூ இருக்கும்.

வாரம் ஒரு நாள் போதாது. உடம்புக்குப் பழக வேண்டியது ஒரு நாள் நடையல்ல, மறுநாள் வலியோடு எழுந்து மறுபடி நடப்பது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து போங்கள், முழுப் பையோடு. ஒரு நாள் கிரான்ட்ஸ்க்ளூஃப், மறுநாள் கடற்கரை நடைபாதை, தட்டையான தரையில் நீண்ட தூரம். தட்டை என்று லேசாக நினைக்காதீர்கள், ஒரே தசைக்கு ஒரே வேலை விழும், மெசேத்தாவும் அப்படித்தான்.

மரிட்ஸ்பர்க்_செவிலி

ஞாயிறு நடை முடிந்ததும் இருவரும் சாக்ஸைக் கழற்றிப் பாதம் பார்ப்பதையும் இப்போதிருந்தே ஆரம்பியுங்கள் சார். உங்கள் பாதத்தில் எங்கே சிவக்கிறது என்று அக்காவுக்கும், அக்கா பாதத்தில் எங்கே என்று உங்களுக்கும் டர்பனிலேயே தெரிந்திருந்தால் ரோன்செஸ்வாய்யெஸில் தேட வேண்டியிருக்காது.